ஒன்பதாம் பாகத்துக் கலியாணம்

ஸ்கொட்லாந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சுவரில் குண்டூசியால் குத்தியிருந்தது. சுவர் இருந்தது இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில். கிழமையில் நான்கு நாள் காலையில் அந்த வீட்டைத் துடைத்துத் தூசி தட்டுவது என் வேலை.

வீட்டுக்காரி எண்பதை நெருங்கிய ஒரு ஸ்கொட்லாந்துப் பெண். நாவல் எழுதுகிறவர். ஒரே குடும்பத்தைப் பற்றி எட்டுப் பாகம் எழுதி முடித்து ஒன்பதாவதைத் தொடங்கியிருந்தார். வடக்குக் கடலோரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம், அங்கே ஒரு குடும்பம். ஹெரிங் என்கிற மீனைப் பிடித்து, வெட்டி, உப்புப் போட்டு, பீப்பாயில் அடைத்து, பிள்ளை பெற்று, சண்டை பிடித்து, கடைசியில் கடலில் செத்துப்போவார்கள். இதையே நூற்றைம்பது வருசமாகச் செய்வார்கள். இத்தாலிய மொழிபெயர்ப்பில் மூன்று பாகம் வாசித்தேன். மூன்றிலும் யாராவது ஒருவர் ஈரச் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தார். தரையைத் துடைப்பது யார் என்று எங்கேயும் எழுதவில்லை.

ஒரு குளிர்காலத்தைக் கழிக்க பலெர்மோவுக்கு வந்தவர் முப்பது வருசமாகத் திரும்பிப் போகவில்லை. பனிப்புயல் எழுதவேண்டிய நாளில் யன்னலைச் சாத்தி, காற்றாடியை முகத்துக்கு நேரே வைத்து, கால் இரண்டையும் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு எழுதுவார். கீழே சந்தையில் வாள்மீன் விற்கிறவன் தொண்டை கிழியக் கத்துவான். அதுவும் உதவி என்றுதான் நினைக்கிறேன். படகில் ஆட்கள் கத்துகிற இடங்கள் புத்தகத்தில் நன்றாக வந்திருந்தன.

நான் அவரை சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றேன். அவரும் என்னை சிஞ்ஞோரா என்றார். வீட்டில் இரண்டு சிஞ்ஞோராக்கள் இருந்தோம், ஒருத்தி எழுதினாள், மற்றவள் துடைத்தாள். கதைத்தது இத்தாலியனில். இரண்டு பேருடையதும் வெளியூர் இத்தாலியன் என்பதால் நன்றாக விளங்கியது.

சுவருக்கு வருகிறேன். அதில் இருந்தது அந்தக் குடும்பத்தின் வம்சம். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. பெயர், பிறந்த வருசம், செத்த வருசம், என்னத்தால் செத்தார் என்பது. கலியாணத்துக்கு நீல நூல், பிள்ளைக்குச் சிவப்பு நூல். மேலே ஒரே ஒரு கிழவன் இருந்தான். கீழே வர வர நூல்கள் சிக்கிப்போய்க் கிடந்தன. முக்கியமான ஆட்களை சிஞ்ஞோராவுக்கு மனப்பாடம். ஓரத்தில் இருக்கிற ஆட்களுக்குச் சுவரைப் பார்க்காமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது.

ஒரு நாள் அவர் பல்வைத்தியரிடம் போயிருந்தபோது கம்பளத்தை உதறுவதற்காக பால்கனிக் கதவைத் திறந்தேன். ஆபிரிக்காவிலிருந்து வருகிற ஷிரோக்கோக் காற்று அன்றைக்கு. உள்ளே வந்து கீழ் இரண்டு வரிசையையும் வழித்துத் துடைத்துத் தரையில் போட்டுவிட்டது. வேறு ஒருத்தி என்றால் அட்டைகளைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஆறு வருசமாகத் தூசி தட்டிய குடும்பம் அது, யார் யாருடைய பிள்ளை என்று எனக்குத் தெரியாதா? மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் திரும்பக் குத்தி நூலும் கட்டிவிட்டேன். பார்க்கப்போனால் முன்பைவிட ஒழுங்காக இருந்தது. சிஞ்ஞோரா கன்னம் வீங்கி வந்தார், சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கழித்து பதிப்பகத்தில் கையெழுத்துப்பிரதி வாசிக்கிறவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினாலாம் அத்தியாயத்தில் கூடப்பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் கலியாணம் பேசுகிறீர்களே, இது வேண்டுமென்று செய்ததா என்று கேட்டிருந்தார்.

சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு சுவருக்கு முன்னால் நிறுத்தினார்.

"இந்தப் பெண் தம்பிக்காரனின் மகள். இவளை அண்ணன்காரனின் பிள்ளைகளோடு சேர்த்துக் குத்தியது யார்?"

"நான்."

"இது பிழை."

"பிழை இல்லை, சிஞ்ஞோரா. அண்ணனின் பிள்ளைகளும் தம்பியின் பிள்ளைகளும் சகோதரங்கள். ஒரு வரிசையில்தான் வரவேண்டும். அவர்களுக்கு நீங்கள் கலியாணம் பேசியதுதான் பிழை."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படி நினைத்தும் வாயை மூட முடியவில்லை. பெரியப்பா மகனைக் கட்டுகிற ஒரு பெட்டையை எட்டாம் பாகத்திலிருந்து வளர்த்து வைத்திருக்கிறாரே என்ற கோபம் எனக்கு.  சிஞ்ஞோரா கதிரையில் இருந்தார்.

"அப்படியென்றால் யார் யாரைக் கட்டலாம்?"

ஒன்றரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். சாப்பாட்டு மேசையில் கரண்டி எல்லாம் ஆண், முள்ளுக்கரண்டி எல்லாம் பெண் என்று அடுக்கிக் காட்டினேன். அண்ணன் பிள்ளையும் தங்கை பிள்ளையும் கட்டலாம், அது மச்சான் மச்சாள். அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் கூடாது. அக்கா பிள்ளையும் தங்கை பிள்ளையும் கூடாது, அதுகள் சகோதரம். தலைமுறை இறங்கினாலும் கணக்கு அப்படியே இறங்கும். ஏன் கூடாது என்று கேட்டார். கூடாது என்பதால் கூடாது என்றேன். அதை எழுதி வைத்துக்கொண்டார்.

பிறகு தன்னுடைய கிராமத்துக் கதையைச் சொன்னார். மீன்பிடிக்கிறவன் வயல்காரன் மகளைக் கட்டமாட்டானாம். அவளுக்குத் தூண்டிலில் சிப்பிச்சதை குத்தத் தெரியாது, அவளைக் கட்டினவன் பட்டினி. அதனால் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி ஊர் முழுக்கச் சொந்தம். எங்களைப்போலத்தான் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு வீடு துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் வேலை கொஞ்சம் மாறியது. எழுதுகிற அறையிலிருந்து குரல் வரும். "சிஞ்ஞோரா, பீப்பாய் செய்கிறவனின் மகன் பாதிரியாரின் மனைவியின் தங்கை மகளைக் கட்டலாமா?" நான் குசினியில் நின்றபடியே தீர்ப்புச் சொல்வேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு நடந்தார் என்றில்லை. ஆனால் கேட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. இந்த ஊர்த் தமிழாக்களுக்குள்ளும் எனக்கு இதில் ஒரு பெயர் உண்டு. யாருக்காவது சம்பந்தம் பேசினால் சாதகம் பார்க்க முதல் எனக்குத்தான் ஃபோன் வரும். இலங்கையில் வன்னிப் பக்கம் நான்கு கிராமத்துச் சொந்தம் என் விரல்நுனியில் இருந்தது. முறை பிழைத்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு அவர்கள் வீட்டிலேயே தேத்தண்ணியும் குடித்துவிட்டு வருவேன்.

என் மகள் இந்த ஊரில் பிறந்தவள். மருந்துக்கடையில் வேலை. வியாழக்கிழமைகளில் வேலைக்குப் போக முதல் சிஞ்ஞோரா வீட்டுக்கு வந்து லப்டொப்பில் உள்ள சிக்கலைத் தீர்த்துக் கொடுப்பாள். எழுதியதைப் பதிப்பகத்துக்கு அனுப்புவதும் அவள்தான். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கதைத்துச் சிரிப்பார்கள். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டு, பிள்ளை நல்ல ஆட்களோடு பழகுகிறாள் என்று சந்தோசப்படுவேன்.

அப்படியிருக்க ஒரு வியாழக்கிழமை சிஞ்ஞோரா கேட்டார். "பூட்டிமார் இரண்டு பேர் கூடப்பிறந்த அக்கா தங்கை. நாலாவது தலைமுறையில் ஒரு பையன், ஒரு பெண். கட்டலாமா?"

"எல்லாம் பெண் வழியா?"

"தாய், தாய், தாய். எல்லாம் பெண் வழி."

"கூடாது. அண்ணன் தங்கை." யன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன், திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை திரும்பவும் தொடங்கினார். அந்த இரண்டு பேரும் ஊரில் இல்லை, வேறு நாட்டில் இருக்கிறார்கள், அங்கே யாருக்கும் இது தெரியாது என்றார். "கடல் தாண்டினால் முறை மாறாது, சிஞ்ஞோரா" என்றேன். "நாங்களும் கடல் தாண்டி வந்த ஆட்கள்தான். எங்களோடு அதுவும் வந்தது. இங்கே இருக்க விடுகிற பெர்மெசோவைப் புதுப்பிக்க நாங்கள் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நிற்கவேண்டும். அதற்கு அதுவும் தேவையில்லை."

மூன்றாம் கிழமை, "அவர்கள் ஒருவரை ஒருவர் மிகவும் விரும்புகிறார்கள்" என்றார்.

"அது அவர்களுடைய குற்றம். சின்ன வயதில் அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்திருப்பாள். கொஞ்சமாவது வெட்கம் இருக்கவேண்டும்."

மகள் லப்டொப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றாள். சிஞ்ஞோரா பெருமூச்சு விட்டு, அப்படியானால் பிரித்துவிடவேண்டியதுதான் என்றார். அந்தக் கிழமையே பெண்ணைத் தெற்கே மீன் வெட்டுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார். ரயிலடியில் பையன் மழையில் நின்றான். நல்ல அத்தியாயம் என்று நானும் சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். மகள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, நீங்கள் சொன்ன ஆக்கள் ஸ்கொட்லாந்து ஆக்கள் இல்லை."

"பின்னை?"

"நானும் அவரும்."

அவர் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. பெண் வழி, நாலாவது தலைமுறை, வேறு நாடு. அப்படி பலெர்மோவில் ஒரு குடும்பம்தான் இருந்தது. பிரான்காச்சோவில் தொடர்மாடியில் இருக்கிறார்கள். பையனின் தாய் எனக்குத் தங்கச்சி முறை. என் அம்மம்மாவும் அவளுடைய அம்மம்மாவும் அக்கா தங்கை. பையன் லிஃப்ட் திருத்துகிற வேலை, அடக்கமானவன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் இஞ்சை வந்து இறங்கிய நாளில் என் மகளுக்குப் பத்து வயது. அவளைக் கையில் பிடித்துக் கொண்டுபோய், "இவர் உனக்கு அண்ணா, அண்ணா எண்டு கூப்பிடு" என்று சொன்னது நான்தான். அவள் சொல்வழி கேட்கிற பிள்ளை. போன வருசம் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

கத்தினேன். நிறையக் கத்தினேன், அதை எழுத விருப்பம் இல்லை. கீழ்வீட்டு சிசிலிக்காரி மேலே வந்து யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டாள். மகள் அழவில்லை. நான் களைத்து இருந்த பிறகு மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நீங்கள் ஓம் எண்டால் கட்டுவன். வேண்டாம் எண்டால் கட்டேல்லை. ஆனா வேறை ஆரையும் கட்டமாட்டன்."

இதே கடைசி வசனத்தை என் அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா சொன்னதைச் செய்தவ. இவளும் செய்வாள். கணவரைக் கேட்டேன். ஹோட்டல் குசினியிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். "உம்மடை பக்கத்துச் சொந்தம், நீரே பாரும்" என்றார்.

அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் சண்டைக்குப் போனேன்.

"என்னை ஏமாற்றிக் கேட்டிருக்கிறீர்கள்."

"ஆமாம்" என்றார். "எனக்கு அதுதானே தொழில்."

தும்புத்தடியைக் கையில் பிடித்துக்கொண்டே அழுதேன். அவர் தண்ணீர் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துவிட்டு என்னைத் தன் கதிரையில் இருத்தினார். அந்தக் கதிரையில் அதற்கு முதல் நான் இருந்ததில்லை. கணக்கை மாற்ற முடியாது என்று சொன்னேன். மேலே இரண்டு சகோதரிகள் இருந்தால் கீழே எல்லாம் சகோதரம்தான், அதற்கு நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

"என்னுடைய வேலையில்" என்றார், "ஒன்பதாம் பாகத்தில் ஒரு முடிச்சு அவிழவில்லை என்றால் பிழை இரண்டாம் பாகத்தில் இருக்கும். ஆனால் இரண்டாம் பாகம் அச்சாகி விற்றுவிட்டது, அதைத் தொட முடியாது. அப்போது நான் என்ன செய்வேன் தெரியுமா? இரண்டாம் பாகத்தில் யாருடைய பிறப்பை நான் எழுதாமல் விட்டேன் என்று தேடுவேன்."

நான் மூக்கைத் துடைத்தேன்.

"உங்கள் அம்மம்மாவின் தங்கை பிறந்ததைப் பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இல்லை என்றேன். சிஞ்ஞோரா ஒரு வெற்று அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

நாலு நாள் யோசித்தேன். முதலில் ஆஸ்பத்திரியில் பிள்ளை மாறிவிட்டது என்று கொண்டுபோனேன். சிஞ்ஞோரா உதட்டைப் பிதுக்கினார். மூன்றாம் பாகத்தில் தானும் அதைச் செய்ததாகவும், வாசகர்கள் கோபமாகக் கடிதம் எழுதியதாகவும் சொன்னார். அதோடு அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியே இல்லை. பிறகுதான் சரியான ஆள் அகப்பட்டாள். அம்மம்மாவின் தகப்பனுக்கு ஒரு தங்கச்சி இருந்தவ, இளம் வயதில் செத்துப்போனா. என்னத்தால் என்று எவருக்கும் ஞாபகம் இல்லை. அவ பிள்ளைப்பேற்றில் செத்துப்போனா என்றும், அந்தப் பச்சைப் பிள்ளையை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்து தன் மகளோடு மகளாக வளர்த்தார் என்றும் வைத்தால், அம்மம்மாவும் தங்கச்சியும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, மாமன் மகளும் மாமி மகளும், மச்சாள்மார். மேலே அந்த ஒரு அட்டையைத் திருப்பிப் போட்டால் கீழே அத்தனையும் திரும்புகிறது. தங்கச்சி முறை மச்சாள் ஆகிறாள். மகன் முறை மருமகன் ஆகிறான். சிஞ்ஞோரா வீட்டு மேசையில் கரண்டிகளை அடுக்கிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

சிஞ்ஞோரா அட்டையை வாசித்துவிட்டு, ஒரு மிருகம் வேண்டும் என்றார். கதையில் ஒரு மிருகம் இருந்தால் ஆட்கள் நம்புவார்களாம். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு ஆடு வாங்கினார்கள் என்று சேர்த்தேன். ஆடு நன்றாக இருக்கிறது என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

பொய் சொல்கிறோம் என்ற பயம் எனக்கு இருந்தது. செத்துப்போன ஒரு மனுசியின் தாயை மாற்றுகிறேன், அவ என்ன பாவம் செய்தா? மூன்று நாள் விளக்கு வைக்கும்போது அவவிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பஸ் பிடித்து பிரான்காச்சோவுக்குப் போய்ப் பையனின் தாயிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டாள். ஆடு வந்த இடத்தில் தலையாட்டத் தொடங்கினாள்.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது, அக்கா" என்றாள். "எங்கடை அம்மம்மா கொஞ்சம் வெள்ளையெல்லோ. உங்கடை அம்மம்மா கறுப்பு."

மச்சாள் என்று கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு வாசிக்கிற பழக்கம் இல்லை, அதனால்தான் இதைத் துணிந்து எழுதுகிறேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள். ஊரில் இருக்கிற அக்கா. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தம் எல்லாம் இந்தக் கதையைக் கேட்டவுடன் அக்காவுக்குத்தான் எடுப்பார்கள். எனக்கு வாய் அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா முப்பது வருசம் கணக்குப் படிப்பித்த ரீச்சர், இல்லாததை ஒரு நாளும் சொல்லாதவ. அக்கா ஓம் என்றால் ஓம். அக்கா இல்லை என்றால் என் மகளுக்குக் கலியாணம் இல்லை.

அக்காவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் தாண்டிப்போகலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. பையனின் தாய்க்கு ஒரு தமையன் இருக்கிறார், இப்போது ஜேர்மனியில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறார். அந்தக் காலத்தில் அவரும் அக்காவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்கள். எங்களுக்கு அண்ணா முறை என்பதால் வீட்டுக்கு வந்துபோவதை யாரும் கவனிக்கவில்லை. விசயம் வெளியில் வந்தபோது அவருடைய தாய் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்தக் காலத்தில் ஆர் பிள்ளை இதெல்லாம் பார்க்கினம் என்று அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டா. அம்மா இளகிவிட்டா. நான் பார்த்தேன், அம்மா வாயைத் திறந்து ஓம் சொல்லப்போனா. எனக்குப் பதினேழு வயது. அறை வாசலில் நின்று, "அண்ணாவையோ அக்கா கட்டப்போறா?" என்று கேட்டேன். எல்லாரும் இருந்த இடத்தில் கேட்டேன்.  அவருடைய தாய் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனா. சரியான நேரத்தில் சரியானதைச் சொன்னேன் என்று எனக்கு எத்தனையோ வருசம் பெருமையாக இருந்தது. அக்கா வேறு ஒருத்தரையும் கட்டவில்லை, அதைப் பற்றி ஒரு நாளும் என்னோடு கதைத்ததுமில்லை.

மத்தியானம் வேலை முடிந்து வந்து எடுத்தேன். ஊரில் அப்போது பின்னேரம்.

"அக்கா, ஒரு விசயம்."

"சொல்லு."

சொன்னேன். மகளையும் பையனையும் பற்றி முதலில். பிறகு அம்மம்மாவின் தகப்பன், செத்துப்போன தங்கச்சி, பச்சைப் பிள்ளை, ஆடு. பாடமாக்கி வைத்திருந்ததால் எங்கேயும் தடக்கவில்லை.  அங்கை காகம் ஒன்று கத்துவது எனக்குக் கேட்டது.

"ஆர் உனக்குச் சொன்னது?"

"அம்மா. நான் வெளிநாடு வெளிக்கிடேக்கை."

அக்கா கணக்குப் போடுகிறா என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப அவளும் நீயும் மச்சாள்."

"ஓம்."

"பிள்ளையள் ரெண்டும் மச்சான் மச்சாள்."

"ஓம் அக்கா."

அதோடு நிறுத்திவிட்டா. இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அவளுடைய தமையனும் அக்காவும் என்ன என்கிற வரி. அதை அக்காவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கதையை உண்டாக்குகிற நாலு நாளிலும் அந்த வரிக்கு நான் வந்தேன், வந்து வந்து திரும்பிப் போனேன். என் மகள் கட்டலாம் என்றால் அக்காவும் கட்டியிருக்கலாம். அதைத்தான் நான் அக்காவிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஆட்டோடு சேர்த்து. எனக்கு வெட்கமாக இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"ஆடு இல்லை" என்றா அக்கா.

"என்ன?"

"மாடு. முதல் ஆடுதான் வாங்கினவை. ஆட்டுப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. பிறகுதான் ஒரு கறுத்த மாடு வாங்கினவை. அம்மா எனக்கும் சொன்னவ."

அந்த ஆடு பல்லரோவுக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்டிருக்கும்.

"ரொறொன்ரோவில இருந்து எடுத்தால் நான் சொல்லுறன்" என்றா. "நீ ஒண்டும் கதையாதை. பிள்ளைக்கு நல்ல கூறையாப் பார்த்து எடு."

"நீங்களும் வாங்கோ அக்கா. விசாவுக்கு நான் கடிதம் அனுப்புறன். தாய் மாதிரி நிண்டு செய்யவேணும்."

"பாப்பம்." பிறகு கேட்டா. "ஜேர்மனியில இருந்து தாய்மாமன் வருவார் என்ன?"

"ஓம். அவர்தானே பெடியன்ரை பக்கத்தில எல்லாம் செய்யவேணும்."

"ஓம், அது சரிதான்." காகம் திரும்பவும் கத்தியது. "நான் வந்தால், அவரை என்னெண்டு கூப்பிடுறது?"

இத்தனை வருசத்தில் இப்படி ஒரு கேள்விக்கு நான் யோசித்துப் பதில் சொன்னதில்லை. அண்ணா என்று சொன்னால் என் மகளின் கலியாணம் நின்றுபோகும். மற்றச் சொல் எனக்குத் தெரியும், கணக்குப்படி அதுதான் சரி, நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அக்காவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா ஃபோனை வைக்காமல் காத்துக்கொண்டு நின்றா.